குழந்தையின் கையில் வைக்கும் பொருள்

நீரை வடிகட்டிப் பருகுதலும், கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தலும், அடுப்பில் இடுமுன் விறகினைத் தட்டிப் பார்த்தலும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த ஒழுக்கங்கள். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிரும் நம்மால் துன்புறலாகாது என்னும் கருணையே இவற்றிற்கு வேர். இத்துணை நுண்ணிய கவனத்தைப் பழகிக்கொண்ட இல்லறத்தார், தம் மடியில் தவழும் மழலையின் கையில் ஒரு பொம்மையை வைக்கும்போது அதே கவனத்தைச் செலுத்துகின்றனரா?

விலை மலிந்த பொம்மைகளால் குழந்தைகளுக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சம் இன்று தாய்மார் பலரிடம் காணப்படுகிறது. அச்சத்தை அச்சமாகவே விட்டுவிடாமல் அறநோக்கில் ஆராய்ந்தால் ஒரு வினா எழுகின்றது. பொம்மையால் ஊறு நேர்ந்தால் அதன் பொறுப்பு யாரைச் சேரும்? செய்தவரையா, விற்றவரையா, வாங்கிக் கொடுத்தவரையா?

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி ஆசாரியர் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி அமையவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் ஊறு விளைவதே ஹிம்சை என்றார். பிரமாதம் என்பது விழிப்பின்மை, அசட்டை. இன்றைய பேச்சுத் தமிழில் அச்சொல் பாராட்டுச் சொல்லாகிவிட்டது. கடைக்காரர் சாவி கொடுத்து ஓடவிட்ட பொம்மைக் காரைக் கண்டு நாம் ‘பிரமாதம்’ என்று மகிழ்கின்றோம். அதைப் புரட்டிப் பாராமலே வாங்கிவிடுவோமாயின், சொல்லின் பழம்பொருளே அவ்விடத்துக்குப் பொருந்திவிடுகின்றது.

அந்நூல் இன்னும் நுட்பமாகச் செல்கின்றது. வினை வந்து சேர்வதற்கு நிலைக்களனாகும் செயல்களை எண்ணுமிடத்து, ஒரு பொருளை ஆக்குதலோடு அதனை ஓரிடத்தில் வைத்தலையும் சேர்த்து எண்ணுகின்றது. உரை கண்ட பூஜ்யபாதர், ஆராய்ந்து பாராமல் வைத்தல், பதறி விரைந்து வைத்தல் என அதனையும் வகைப்படுத்துவார். முனிவர்க்கு விதித்த ஐந்து சமிதிகளுள் ஒன்று, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் காக்கும் விழிப்பே ஆகும். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அங்கு உண்டு. அத்தகைய குகைகளில் நோன்பிருந்த மரபினர்க்கு, கமண்டலத்தைத் தரையில் வைப்பதாயினும் இடத்தை நோக்கி, மயிற்பீலியால் மெல்லத் துடைத்த பின்னரே வைத்தல் நெறி. இல்லறத்தார்க்கு அம்முழு நெறி விதிக்கப்படவில்லை. ஆயினும் அதன் உட்பொருளை நாம் கொள்ளத் தடையேதுமில்லை. தரையில் வைப்பதற்கே அத்துணைக் கவனம் வேண்டுமெனில், குழந்தையின் கையில் வைப்பதற்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

குழந்தையின் கையில் வைப்பது வாயில் வைப்பதற்கு ஒப்பாகும். மழலைப் பருவத்தினர் உலகை முதலில் வாயினால் அறிகின்றனர் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று. இதனைக் கருதியே, மூன்று வயதுக்குட்பட்டோர்க்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம், விட்டமுள்ள ஓர் உருளையைத் தரவிதிகள் வகுத்துள்ளன. பொம்மையோ அதிலிருந்து கழன்ற உறுப்போ அவ்வுருளைக்குள் முழுமையாக அடங்கிவிடுமாயின், அது குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடும்.

மின்னும் பொம்மைகளில் உள்ள பொத்தான் போன்ற மின்கலம் இன்னும் கொடியது. அது உணவுக்குழாயில் தங்கினால் ஈரத்தோடு சேர்ந்து காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே தசையைக் கடுமையாக அரித்துவிடும். அந்நிலையில் வாந்தியெடுக்கச் செய்ய முயலாது உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வலிமை மிக்க சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால், அவை குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று ஈர்த்துக் குடலைத் துளைத்துவிடும். வண்ணப்பூச்சில் கலந்த ஈயமோ ஓசையின்றி மூளையைத் தாக்கும். வயிற்றுக்குள் சென்ற ஈயத்தை ஏற்கும் அளவில் குழந்தையின் உடல் பெரியோரின் உடலினும் நான்கைந்து மடங்கு மிகுதி என்றும், ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

இவை வெறும் கற்பனை அச்சங்கள் அல்ல. 2017ஆம் ஆண்டு ஆந்திர மாநிலத்து ஏலூரில், தின்பண்டப் பொட்டலத்துக்குள் இலவசமாக இடப்பட்டிருந்த சிறு பொம்மையை விழுங்கி நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அதன் பின்னர், உணவோடு பொம்மையைக் கலந்து இடலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அப்பொம்மைக்குத் தனி விலை கிடையாது. இலவசமாக வந்ததை யார்தான் ஆராய்ந்து பார்க்கின்றனர்?

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். மலிவு வேறு, தீங்கு வேறு. வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிக நாடகத்தின் பெயருக்கே சிறிய மண்வண்டி என்பது பொருள். வறுமையுற்ற சாருதத்தனின் மகன் மண்வண்டி வேண்டாம், பொன்வண்டியே வேண்டும் என்று அழுகின்றான். இரங்கிய வசந்தசேனை தன் அணிகலன்களை அவ்வண்டியில் இட்டுத் தருகின்றாள். பின்னர் அவ்வணிகலன்களே வழக்கு மன்றத்தில் சாருதத்தனைக் கொலைகாரன் எனக் காட்டும் சான்றாகிவிடுகின்றன. மண்வண்டியால் எவர்க்கும் கேடு வரவில்லை, பொன்னால் வந்தது.

நம் காலத்திலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், உலகப் புகழ் வாய்ந்த அமெரிக்கப் பொம்மை நிறுவனமாகிய மேட்டல், வண்ணத்தில் ஈயம் கலந்திருந்தமையால் ஏறத்தாழ 15 இலட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றைச் செய்து கொடுத்த சீனத் தொழிற்சாலையின் உரிமையாளர்களுள் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வண்ணம் அவருடைய நண்பரின் நிறுவனத்திலிருந்து வந்தது என அக்காலத்தில் செய்திகள் கூறின. அதே மாதத்தில், காந்தம் கழன்று விழக்கூடிய 1 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளையும் அந்நிறுவனம் திரும்பப் பெற நேர்ந்தது. திரும்பப் பெற்றவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சீனத்துத் தொழிலாளர் அல்லர், தம் வடிவமைப்பில் இருந்த குறையே எனச் செப்டம்பர் மாதத்தில் அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் சீனத்திடம் வருத்தம் தெரிவித்தார். உயர்ந்த விலையும் பெரிய பெயரும் காவல் ஆகா என்பதும், பழி எப்பொழுதும் கீழ்நோக்கியே தள்ளப்படுகின்றது என்பதும் இதனால் விளங்கும்.

நம் நாட்டு நிலையும் கருதத்தக்கது. 2019இல் இந்தியத் தரக் குழுமம் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளுள் ஏறத்தாழ 67 விழுக்காடு தேறவில்லை. 2020இல் பிறப்பிக்கப்பட்ட தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 14 வயதுக்குட்பட்டோர்க்கான பொம்மைகள், இந்தியாவில் செய்தவையாயினும் இறக்குமதியாயினும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர்களின் படைப்புகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போன்றவற்றைச் செய்யும் எளிய குடும்பங்கள் சோதனைக் கட்டணத்தால் நசிந்துவிடலாகாது என்னும் நோக்கில் இது நேரிய விலக்கே. ஆயினும் முத்திரையினின்று விலக்குப் பெற்றவர் பொறுப்பினின்றும் விலக்குப் பெற்றவர் ஆகார். மரபு என்னும் ஒரே காரணத்தால் வண்ணம் தூயதாகிவிடாது.

இனி முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். திருவப்பூர் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவிலும் நார்த்தாமலைப் பங்குனித் தேரிலும் வீதியோரத்தில் பொம்மை விற்பவரை நோக்குங்கள். மொத்தக் கடையில் கிடைத்ததை அவர் வாங்கி வருகின்றார். அன்றைய விற்பனையே அன்றைய உணவு. விற்காது எஞ்சியது அவர்தம் குழந்தையின் கைக்கே செல்கின்றது. வண்ணத்தில் ஈயம் உண்டா என்பதை அவர் எவ்வாறு அறிவார்? மொத்த வணிகரோ, முத்திரை இல்லாத சரக்கு மலிவாக வருவது ஏன் என்பதை அறிவார். வேறு சரக்கைத் தருவிக்கும் ஆற்றலும் அவருக்கு உண்டு.

இங்கும் உமாஸ்வாதி ஆசாரியர் நமக்குத் துணை நிற்கின்றார். ஒரே செயலாயினும் வினையின் அளவு எல்லார்க்கும் ஒன்றன்று. எண்ணத்தின் கடுமை மென்மை, அறிந்து செய்தல் அறியாது செய்தல், செயலின் நிலைக்களன், செய்வோரின் ஆற்றல் ஆகியவற்றால் அது வேறுபடும் என்பது அவர் காட்டிய நெறி. ஆகவே பொறுப்பு பலரிடையே பிரிந்து கரைந்துபோவதில்லை. அறிவும் ஆற்றலும் மிகுந்த இடத்தில் மிகுந்து நிற்கின்றது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவழிகளில் எவ்வழியாயினும் அறிந்து நின்றவர்க்குப் பங்கு உண்டு. வீதி வணிகரைச் சினந்து, மொத்தக் கடையை மறந்துவிடுவது நீதியன்று.

நம் சமுதாயத்தில் வணிகர் பலர் உளர். அவர்கள் ஒரு மறுப்பு எழுப்பலாம். “தொழிலில் நேரும் ஹிம்சை இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாதது என நூல்களே ஒப்புகின்றனவே” என்பர். உண்மை. ஆயினும் தவிர்க்க இயலாதது என்னும் சொல்லிலேயே அதன் எல்லையும் அடங்கியுள்ளது. உழவர் ஏர் பூட்டும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர் மடிவதைத் தவிர்க்க இயலாது. முத்திரையுள்ள பெட்டியைத் தேர்ந்து முத்திரையற்றதைத் திருப்பி அனுப்புதல் இயலும். இயல்வதைச் செய்யாமல் விட்டது தொழில் ஹிம்சையில் அடங்காது, அது பிரமாதமே. போலி முத்திரை ஒட்டி விற்பதோ, ஒன்றை மற்றொன்றாகக் காட்டி விற்றல் என்னும் குற்றமாகும். அது களவு விலக்கும் அணுவிரதத்தையே பழுதாக்கும்.

மறுபுறம், அஞ்சுதலே அறம் என்றும் கொள்ளலாகாது. பொம்மையே வேண்டாம் எனக் குழந்தையின் கையை வெறுமையாக்கும் அன்பும் அன்பன்று. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தையின் அறிவு கைவழியே வளர்கின்றது என்பதைத் தம் கல்விமுறைக்கே அடிப்படையாக்கினார். பற்றவும் உருட்டவும் அடுக்கவும் ஒன்றுமில்லாத குழந்தை பாதுகாப்பாக இருக்கலாம், வளர்ச்சி குன்றிவிடும். அச்சம் பொருளைப் பாராமலே விலக்கும். விழிப்போ பொருளைப் பார்த்துத் தேரும். நமக்கு வேண்டுவது விழிப்பே.

விழிப்புக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. உறுப்புகளை இழுத்துப் பார்த்தல், மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா என நோக்குதல், நகத்தால் சுரண்டி வண்ணம் உதிர்கின்றதா எனக் காணுதல், கூர் விளிம்பைத் தடவிப் பார்த்தல் ஆகியவற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். ஈயத்தைக் கண்ணால் காண இயலாதாகையால் முத்திரையை நோக்குதலும் வேண்டும். அதன் கீழுள்ள உரிம எண் மெய்யானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் பேரப்பிள்ளைகளைக் கொண்டு சரிபார்த்துக் கொள்ளலாம். முத்திரையுள்ள பொம்மை வாங்க வசதியில்லாத இல்லத்தில், அடுக்களையின் சிறு கிண்ணங்களும், பழந்துணியில் தைத்த பந்தும் குழந்தைக்குப் போதிய இன்பம் தரும். பத்து மலிவுப் பொம்மைகளினும் நல்லதொரு பொம்மை மேல் என்பதில் அபரிக்கிரகப் பாடமும் அடங்கியுள்ளது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மகாவீரர் ஜயந்தி போன்ற நன்னாள்களில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகளுக்கும் நாம் பொம்மைகள் வழங்குகின்றோம். நூறு பேருக்கு வழங்க வேண்டும் என்பதற்காக மூட்டைக் கணக்கில் மலிவுச் சரக்கை வாங்குதல் எளிது. தம் பேரனுக்கு வாங்கும்போது புரட்டிப் பார்க்கும் கை, தானத்துக்கு வாங்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்கின்றது. அங்கன்வாடிக் குழந்தைக்குத் தெரிந்தெடுக்கும் உரிமை இல்லை. மறுக்கும் சொல்லும் இல்லை. கொடுத்ததை அது நம்பி வாயில் வைத்துக்கொள்ளும். உயிர்கள் அனைத்தும் ஒப்பெனக் கொண்ட நெறியில் பிறந்த நாம், நம் வீட்டு மழலைக்குக் கொடுக்கத் துணியாத பொருளைப் பிறர் மழலைக்குத் தானம் எனக் கொடுத்தல் தகுமா? நூறு பேருக்கு இயலாவிடில் நாற்பது பேருக்குக் கொடுப்போம். அதனை ஆராய்ந்து, நன்கு பார்த்து, அக்குழந்தையின் கையில் வைப்போம்.

அறம் வளர்க! அருள் பெருகுக!