குரங்கெலும்பில் செய்த அம்பு

இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களவுக்கு அருகே ஒரு பெரிய மலைக்குகை இருக்கிறது. பாகியன் குகை என்பார்கள். அங்கே தோண்டியெடுத்த எலும்புகளைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றிவருகிறது.

சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தீ மூட்டிச் சாப்பிட்டவர்களின் மிச்சம் அது. பெரும்பங்கு குரங்கு, மந்தி, மலை அணில். உழவு அறியாத மனிதரால் மழைக்காட்டை நம்பிப் பிழைக்க முடியாது என்ற எண்ணம் அறிஞரிடையே நெடுநாள் இருந்தது. 2019-ல் வெளியான ஆய்வில் இந்தச் சில்லெலும்புகள் அதற்கு எதிர்ச்சாட்சி சொல்லின.

*

எலும்பை வாசிக்கப் பொறுமை வேண்டும். மெல்லிய நேர்க்கீறல் தெரிந்தால், சதையை அறுத்த கல்லின் விளிம்பு பட்டிருக்கிறது. காட்டு விலங்கு கடித்திருந்தால் பல் பதிந்த குழி இருக்கும். கருகியிருந்தால் நெருப்பைக் கண்டது. பச்சையெலும்பை உடைத்தால் சுற்றிவளைத்துப் பிளக்கும். காய்ந்த எலும்பு அப்படிப் பிளப்பதில்லை. நல்லிக்காக உடைத்ததா, பின்னால் மண் அழுத்தி நொறுங்கியதா என்பது அந்தப் பிளவில் தெரிந்துவிடும்.

*

உச்சிக்கிளையில் தாவும் மந்தியை வீழ்த்துவது எளிதல்ல. அந்த மனிதர்கள் எலும்பைச் சீவிக் கூர்முனைகள் செய்தார்கள். முனைகளில் உள்ள தேய்மானத்தையும் முறிவையும் பார்த்து, அவை வில்லில் தொடுத்த அம்புகளாக இருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. முனைகளில் பல குரங்கின் எலும்பிலேயே செய்தவை. தின்று முடித்த காலெலும்பைத் தூக்கி எறியாமல் எடுத்துவைத்து, கல்லால் சுரண்டிச் சுரண்டிக் கூராக்கிய ஒரு கையை நினைத்துக்கொள்கிறேன். ஒரு வேட்டையின் மிச்சம் அடுத்த வேட்டைக்கு ஆயுதம். எனக்கு அரசர்களின் கல்வெட்டைவிட இந்த முனை நெருக்கமாக இருக்கிறது.

*

கிடைத்தவற்றில் வளர்ந்த விலங்குகளே அதிகம், குட்டிகள் குறைவு. விலங்குகளின் வளர்ச்சியும் நடமாட்டமும் அறிந்து, தேர்ந்து வேட்டையாடினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதைக் கருணை என்று நான் சொல்லத் துணியமாட்டேன். நாளைக்கும் பசிக்கும் என்று தெரிந்தவர்களின் நிதானம் என்பேன்.

பல்லாயிரம் ஆண்டு வேட்டையைத் தாங்கி இலங்கைக் காடுகளில் தழைத்தது ஊதாமுக மந்தி. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் அது. காடுகள் சுருங்கச் சுருங்க, இன்று அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது.