பார்க்க வந்தவரும் கும்பிட வந்தவரும்

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வேன் பிடிக்கிறார்கள். காலையில் சிதம்பரம் நடராசர், மத்தியானம் பிச்சாவரத்தில் படகு, சாயங்காலம் கடலூர் சில்வர் பீச். இப்படிக் கோயிலுக்கு வருகிறவர்களை, ‘ஊர் சுற்ற வந்ததுகள்’ என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். 2024 ஜனவரியில் இந்த எண்ணத்துக்குச் சட்ட வடிவமே கிடைத்தது. பழனி கோயில் தொடர்பான வழக்கில், கோயில்கள் சுற்றுலாத் தலங்கள் அல்ல என்றது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதோருக்கு அனுமதி இல்லை என்று பலகை வைக்கச் சொன்னது. அவர்களில் ஒருவர் தரிசிக்க விரும்பினால், அந்தத் தெய்வத்திடம் நம்பிக்கை உண்டு என்று உறுதிமொழி வாங்க வேண்டும் என்றது. சட்ட நுணுக்கங்களை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கோயில் வாசலில் ஒருவரிடம் கேட்க வேண்டியது நம்பிக்கையையா, நடத்தையையா என்ற கேள்வி சமயத்தைச் சேர்ந்தது. நடத்தையைத்தான் என்று சொல்ல, கடலூர்ச் சீமையிலேயே போதுமான சான்றுகள் இருக்கின்றன.

சிதம்பரத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் பார்க்க நினைப்பது ரகசியத்தை. சித்சபையில் நடராசருக்கு வலப்பக்கம் ஒரு திரை தொங்குகிறது. வெளிப்பக்கம் கறுப்பு, உள்பக்கம் சிவப்பு. தீட்சிதர் அதை விலக்கி ஆரத்தி காட்டும்போது தங்க வில்வ மாலைகள் மினுங்கும். அவற்றுக்குப் பின்னால் மூர்த்தி எதுவும் கிடையாது, வெட்டவெளிதான். ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். அந்தச் சில நொடிகளில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார், இன்னொருவர் ‘இவ்வளவுதானா’ என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டவர் மனத்திலும் அதே ‘இவ்வளவுதானா’ ஓடியிருக்கலாம். முகம் சுளித்தவருக்கு ஒரு மாதம் கழித்து அந்த வெளி நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுக்கலாம். நம்பிக்கை வெளியாருக்குத் தெரியாது, உடையவருக்கே ஒரே அளவில் நிற்பதுமில்லை. அதைக் காகிதத்தில் எழுதி வாங்கி என்ன செய்வது?

நம்பிக்கைதான் அளவுகோல் என்றால், அதை வேறு யாரையும்விட நிறைவாக வைத்திருந்தவர் நந்தனார். தில்லை என்னும் சிதம்பரத்துக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியே திருநாளைப்போவார் ஆனவர். ஆனால் தில்லையின் எல்லையிலேயே நின்றுவிட்டார். தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் உள்ளே போனார் என்கிறது பெரியபுராணம். வாசல் அன்று கேட்டது பக்தியை அல்ல, பிறப்பை. அந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் தேவைப்பட்டது. இன்றைய பலகையும் நடைமுறையில் அளப்பது எதை? இந்துப் பெயர் உள்ள நாத்திகர் கொடிமரத்தைத் தாண்டிப் போகிறார், ஒருவரும் கேட்பதில்லை. தேவாரத்தில் தோய்ந்த வெளிநாட்டவர் உறுதிமொழி எழுதுகிறார். கண்ணுக்குத் தெரியாததை அளக்கப் போனால், கண்ணுக்குத் தெரிகிற பெயரிலும் நிறத்திலும்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்று வடலூரில் இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள் 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபையைத் திறந்தார். அங்கே ஏழு திரைகளை விலக்கிச் சோதி தரிசனம். உள்ளே நுழைய அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: கொலையும் புலையும் தவிர்த்தவராக இருக்க வேண்டும். சாதியும் மதமும் அங்கே கேள்வி இல்லை. இதுவும் ஒரு விலக்குதானே, புலால் உண்பவர் வெளியே நிற்கிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உணவை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம்; பிறப்பை மாற்ற முடியாது. ஒருவர் நினைத்தால் நிறைவேற்றக்கூடிய நிபந்தனையை வைப்பதுதான் அறம். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், அவர் தொடங்கிய தருமசாலையிலோ அந்த நிபந்தனைகூட இல்லை. அங்கே பசி ஒன்றே தகுதி.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களால் கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்பது அடுத்த ஆட்சேபணை. உண்மைதான். சன்னதியில் செல்ஃபி எடுப்பதும் வரிசையில் கூச்சல் போடுவதும் பக்தருக்குச் செய்யும் அநியாயம். அந்தக் குற்றத்தைச் செய்பவர்களில் பக்தர்களும் உண்டு. 2022 டிசம்பரில் அதே மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்பேசியைத் தடை செய்யச் சொன்னபோது, யார் எந்த மதம் என்று பார்க்கவில்லை. செயலைத் தடுத்தால் இடைஞ்சல் தீரும். ஜப்பானின் இசே ஆலயத்தில் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே முதன்மைச் சன்னதியை வேலிகள் சூழ்ந்திருக்கின்றன. பொதுவாக வருகிறவர்கள் வெள்ளைத் திரைக்கு வெளியே நின்றுதான் வணங்கலாம், படம் எடுக்கக் கூடாது. எடோ காலத்தில் ஊர்க்காரர்கள் கூட்டாகப் பணம் சேர்த்து, குலுக்கலில் பெயர் வந்தவர்களை அங்கே அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் விடுதியும் கேளிக்கையும் வேடிக்கையும்தான். அந்த யாத்திரையில் எது உல்லாசம், எது வழிபாடு என்று பிரித்துவிட முடியாது.

அப்படியானால் நம்பிக்கைக்கு மதிப்பே இல்லையா? அதற்கு அப்பரே பதில். பாடலிபுத்திரம் என்று பெயர் பெற்றிருந்த திருப்பாதிரிப்புலியூரின் சமண மடத்தில் தருமசேனராக இருந்தவர், சூலை நோய் தாங்காமல்தான் திருவதிகைச் சிவன் கோயிலுக்கு வந்தார். வாசலில் உறுதிமொழி கேட்டிருந்தால் வயிற்றுவலி என்றுதான் எழுதியிருப்பார். பின்னாளில், ஈசனை உணராமல் கங்கையிலும் காவிரியிலும் மூழ்கி என்ன பயன் என்று பாடியவரும் அவரே. பயனில்லை என்று அவர் ஊர் ஊராய்ப் போவதை விட்டுவிடவில்லை. போன இடமெல்லாம் கையில் உழவாரப் படையோடு பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். கோயிலுக்கு வந்த பிறகுதான் அவரிடம் நம்பிக்கை வளர்ந்தது, செயலில் தெரிந்தது. வாசலிலேயே அதைக் கேட்டால், அது வளரக்கூடிய வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

ஆகவே பலகை வையுங்கள். செல்பேசியை ஒப்படையுங்கள், பேச்சைக் குறையுங்கள், வரிசையை மதியுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்; மீறுகிறவர் பரம்பரை பக்தராக இருந்தாலும் வெளியே அனுப்புங்கள். ‘நீ யார்’ என்று கேட்கும் பலகையை மட்டும் கழற்றிவிடுங்கள். வேன் பிடித்து வரும் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: படகுச் சவாரிக்கு நேரமாகிறது என்று ஓடாமல், திரை விலகும் வரை பொறுமையாக நில்லுங்கள்.