குரல் முந்தும், ஆள் பிந்தும்

பேசி முடித்ததும் அரை நொடி சும்மா இருக்க வேண்டும். அந்தமான் தீவில் வளர்ந்தவர்களுக்கு இது யாரும் சொல்லித்தராமல் வந்த பழக்கம். அப்போதெல்லாம் எங்கள் பேச்சு சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து சென்னைக்கு இறங்கும். ஏற இறங்க எழுபதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் நொடி பிடிக்கும். பதில் வர இன்னொரு கால் நொடி. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது பிடிபடாது. பதில் காணோமே என்று "சாப்பிட்டியாப்பா?" என்று மறுபடி கேட்பார்கள். அதற்குள் முதல் கேள்விக்கான பதில் போய்ச் சேரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் "சொல்லு, சொல்லு" என்போம். அப்புறம் இரண்டு பக்கமும் அமைதி.

இப்போது அந்த இடைவெளி இல்லை. கடலடிக் கண்ணாடி இழையில் சென்னை வரை போய்ச் சேர பத்து மில்லி நொடிகூட ஆவதில்லை. ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே புகுந்து, சண்டைகூடத் தடங்கலில்லாமல் போட முடிகிறது.

*

இந்தக் கடலடிக் கேபிளுக்கு 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைத்தார். கொரோனாக் காலம், திறப்பு விழாவே காணொளியில்தான் நடந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார். மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். பணம் வந்தது நாட்டின் தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதம் கட்டும் பொது நிதியிலிருந்து. திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ யாரோ ரீசார்ஜ் செய்த பணத்தில் ஒரு துளி இந்தக் கம்பியில் இருக்கிறது. அவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

கேபிள் வருவதற்கு முன் ஒரு கல்யாண வீடியோவை ஊருக்கு அனுப்புவது ராத்திரி வேலை. எல்லாரும் தூங்கிய பிறகு ஏற்ற ஆரம்பித்து, விடிந்ததும் எழுந்து எத்தனை சதவீதம் என்று பார்ப்போம். பாதியில் அறுந்திருக்கும். பலர் பென்டிரைவில் போட்டு, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிவிடுவார்கள். இப்போது பள்ளிக்கூடப் பையன்கள் கார்பின்ஸ் கோவ் மணலில் நின்றபடியே ரீல்ஸ் போடுகிறார்கள். அலை காலைத் தொட்டுத் திரும்புவதற்குள் தேனியிலிருந்து ஒருவர் லைக் போட்டுவிடுகிறார்.

*

தூரம் என்று நாம் சொல்வது ஒன்றில்லை, இரண்டு. சேதி கடக்கும் தூரம் ஒன்று, ஆள் கடக்கும் தூரம் ஒன்று. கப்பல் மட்டும் இருந்த காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கடிதமும் கடிதம் கொண்டுவருகிறவரும் ஒரே கப்பலில் வந்து இறங்குவார்கள். சென்னையிலிருந்து மூன்று நாள். அம்மா இறந்த சேதி வரும்போது ஊரில் எல்லாம் முடிந்திருக்கும். மகனுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. போயிருக்கலாமே என்ற எண்ணத்துக்கு இடமே கிடையாது.

முதன்முதலில் இரண்டையும் பிரித்தது கம்பியில்லாத் தந்தி. 1905 வாக்கில் பர்மாக் கரையோரத்து டைமண்ட் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே அது பேசத் தொடங்கியது. கைதிகளின் தீவாக இருந்த காலம். அரசாங்கத்தின் சேதிதான் பறந்ததே தவிர, கைதிகளின் வீட்டுச் சேதி அதில் ஏறியிருக்காது. பின்னால் சாதாரண சனங்களுக்கும் தந்தி வந்தபோது, 'தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படவும்' என்ற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த கப்பல் என்றைக்கு என்று விசாரிக்கப் போனார்கள் எங்கள் பெரியவர்கள். உடனே என்ற சொல் அவர்களை என்ன பாடு படுத்தியிருக்கும்! தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. அது கொடுத்த பதைப்பு நிற்கவில்லை, வேறு கருவிக்குள் குடியேறிவிட்டது.

*

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு அமெச்சூர் வானொலிக் குழு போர்ட் பிளேருக்கு வந்து முகாமிட்டிருந்தது. ஹாம் என்று சொல்வார்களே, அந்தப் பொழுதுபோக்கு. அபூர்வமான இடத்திலிருந்து அலைவரிசையில் கூப்பிட்டால், அந்த இடத்தோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டுமென்று உலகமெங்கும் ஹாம்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தமான் அப்படிப்பட்ட அபூர்வம். 26-ஆம் தேதி காலை பூமி குலுங்கி, கடல் உள்ளே வந்தது. தொலைபேசிகள் செத்துப்போயின. விளையாட்டுக்குக் கொண்டுவந்த கருவிகளை அவர் உடனே உதவிக்குத் திருப்பினார். தீவுகளிலிருந்து வெளியே போன சேதிகளில் பல அந்த வழியாகத்தான் போயின.

அந்த நாட்களில் மெயின்லேண்டில் இருந்த சொந்தங்கள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: இருக்கிறார்களா, இல்லையா? 'இருக்கிறார்கள்' என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இன்று ஒரு நாளைக்கு நூறு சேதி வந்து விழுகிறது. பூப்போட்ட காலை வணக்கம், யாரோ எழுதிய மூட்டுவலி வைத்தியம், கோயில் கும்பாபிஷேகப் படம். அலுத்துக்கொண்டு நானும் பார்க்காமல் தள்ளிவிடுகிறேன். ஆனால் நூறிலும் அடியில் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான் என்று சில நாள் தோன்றும். பெரியப்பா அனுப்பும் முருகன் படத்துக்கு, நான் இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. ஒரு நாள் வரவில்லையென்றால்தான் அது தெரியும்.

*

சூரியன் மட்டும் எந்தக் கேபிளுக்கும் கட்டுப்படவில்லை. கடிகாரத்தில் எங்களுக்கும் சென்னைக்கும் ஒரே மணி. வெளிச்சத்தில் சுமார் ஐம்பது நிமிட வித்தியாசம். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இங்கே பொழுது சாய்ந்துவிடும். வீடியோவில் கூப்பிட்டால் அம்மா வாசலில் வெயிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். நான் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "அங்க அதுக்குள்ள இருட்டிருச்சா?" என்பார். எத்தனையோ வருடமாகக் கேட்கிற கேள்வி. நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல "ஆமாம்மா, இருட்டிருச்சு" என்பேன். காலையில் கதை தலைகீழ். இங்கே பொழுது விடிந்ததும் நான் அனுப்பும் வணக்கம், அங்கே இருட்டில் தூங்குகிறவர்களின் தலைமாட்டில் போய் ஒலிக்கும்.

*

போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில் குடியிருப்பவனுக்கு ஆள் கடக்கும் தூரத்தை மறக்க வழியில்லை. விமான நிலையம் பக்கத்திலேயே. ஃபிளைட் ஏறும்போதும் இறங்கும்போதும் வீட்டில் பேச்சு நிற்கும். போனில் இருப்பவரிடம் "ஒரு நிமிஷம் இருங்க, ஃபிளைட் போகுது" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போம். சொந்தங்களைப் பார்க்க முடிகிற வழி அவர்களுடைய குரலை மூடிவிட்டுப் போகும். 2023 ஜூலையில் சிப்பி வடிவத்தில் பெரிய முனையம் திறந்தார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சென்னைக்கு இன்றும் அதே இரண்டு மணி நேரப் பயணம். டிக்கெட் விலை மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை, லீவுக்கு லீவு எகிறும்.

பொருள்களும் ஆட்களைப் போலத்தான். பார்ப்பதற்கு எல்லாம் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் துல்லியமான படம். கடைசியில் 744-இல் தொடங்கும் பின்கோடைப் போட்டதும், இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது என்று வரும். பேட்டரி வைத்த பொருள் என்றால் பல விற்பனையாளர்கள் விமானத்தில் ஏற்ற முடியாதென்று கைவிரித்துவிடுவார்கள். அதனால் பழைய ஏற்பாடு சாகவில்லை. யாராவது ஊருக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்றால் வாட்சப் குழுவில் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, பெட்டியில ரெண்டு கிலோ இடம் இருக்குமா?" பூமியின் எந்தக் கடையையும் காட்டுகிற கருவியில், ஒருவருடைய பெட்டியின் மூலையைக் கேட்டு நிற்கிறோம். எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. இடம் கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் நடுவில் உண்டாகிற பழக்கத்தை எந்தக் கடையும் அனுப்பிவைப்பதில்லை.

*

எதிர்வீட்டு அண்ணனுக்குப் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். மதியம் இரண்டு மணிக்கு மேல் போன் வந்தது: அம்மா போய்விட்டார். அன்றைக்கு ஃபிளைட் இல்லை. மறுநாள் காலை கிளம்பினாலும், சென்னையில் இறங்கி ராத்திரி பஸ் பிடித்து ஊர் சேர அதற்கு மறுநாள் விடிந்துவிடும். வெயில் காலம், வைத்திருக்க முடியாது, எடுத்துவிடுகிறோம் என்றார்கள். "எடுங்க" என்றார் அண்ணன்.

வீடியோவில் பார்ப்பதற்காக இங்கே ஹார்லிக்ஸ் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அங்கே போனைப் பிடித்திருந்தது தம்பி மகன், சின்னப் பையன். அவனும் அழுதுகொண்டே நடந்ததால் பாதி நேரம் தரைதான் தெரிந்தது. சிமென்ட் ரோடு, செருப்புகள், நசுங்கிய சாமந்தி, யாருடைய வேட்டிக் கரையோ. திடீரென்று நிமிர்ந்து வானம். அப்புறம் யாரோ அதட்ட, அம்மாவின் முகம். வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். இங்கே அண்ணி உள்ளே போய் ஒரு தட்டில் அரிசி கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் பழக்கத்தில் கைநிறைய அள்ளிவிட்டார். அள்ளிய பிறகுதான் போடுவதற்கு இடமில்லை என்று தெரிந்தது. எல்லோரும் சுற்றி வந்து போட்டு முடிகிறவரை மூடிய கையோடு நின்றார். பிறகு அரிசியைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார்.

முகம் வந்தது, அழுகை வந்தது, பறைச் சத்தம்கூட வந்தது. ஒரு பிடி அரிசி போகவில்லை. கேபிளால் எது முடியும், எது முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

*

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. பக்கத்து வீட்டு வங்காளி பௌதி (அவர்கள் மொழியில் அண்ணி) கொல்லையில் தண்ணீர் நிரப்பிவைத்தார், தலை முழுக. சாவு நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம். ஆனாலும் இந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று தெருவே முடிவு செய்துவிட்டது. ராத்திரிச் சாப்பாடு தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து வந்தது. மூலை வீட்டுப் பையன் போனிலேயே டிக்கெட் போட்டு, பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்றான். விமான நிலையம் நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் விடிகாலையில் இரண்டு பைக் வந்து நின்றன.

2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள் சுமார் 3.8 லட்சம். வங்காளம் பேசுகிறவர்கள் அதிகம், அடுத்து இந்தி, அடுத்து நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ், அதற்கடுத்துத் தெலுங்கு. எங்கள் தெருவில் பெரும்பாலும் எல்லாருக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருக்கிறது. ஆகவே யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உடம்பால் செய்ய வேண்டியதைப் பக்கத்தில் இருக்கிற உடம்புகள் செய்தன, அவ்வளவுதான். இதற்காக வாட்சப் குழுவில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

கேபிள் வந்ததும் அக்கம்பக்கம் அற்றுப்போகும் என்று பயந்தவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொண்டு தூரத்து முகங்களோடு பேசுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் தூரத்தில் நடப்பதெல்லாம் அந்தந்த நிமிடமே தெரிந்துவிடுவதால், பக்கத்தில் ஆள் தேவைப்படும் நிமிடங்களும் கூடியிருக்கின்றன. கடிதக் காலத்தில் ஆறிப்போய் வந்த துக்கத்தை ஒருவர் தனியாகவே தாங்கியிருக்கலாம். சுடச்சுட வருவதைத் தாங்க, தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு தோள் வேண்டும்.

சென்னையில் அண்ணனின் சொந்தக்காரர் ஒருவர் போனில், "எல்லாத்தையும்தான் வீடியோவுல பாத்துட்டீங்களே, இவ்வளவு காசு போட்டு எதுக்கு வரணும்?" என்று கேட்டாராம். அக்கறையில் கேட்டதுதான். மெயின்லேண்டில் இப்போது பல பேர் பார்த்ததையே போனதாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, லைவில் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட அவர்களுக்கு முடிகிறது. தீவுக்காரனுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. பார்த்தது வேறு, போனது வேறு என்று ஒவ்வொரு ஃபிளைட் சத்தமும் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அண்ணன் போனார். எடுத்த பிறகு, எரிந்த பிறகு, பார்க்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகு போய், கருமாதி முடிகிறவரை தம்பியோடு ஒரே பாயில் படுத்திருந்துவிட்டு வந்தார்.