பிடித்துக்கொண்ட போல்ட்

கடலோரத்தில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரை நின்றபடி பார்த்து விலை பேசக் கூடாது. பெயிண்டைப் புதுப்பித்துவிடலாம், சீட் கவரை மாற்றிவிடலாம், டேஷ்போர்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிடலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடிக்க வேண்டும். ஸ்பிரிங்கைச் சுமக்கும் ஸ்ட்ரட் கீழிறங்கி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிளோடு சேருமிடத்தில் இரண்டு போல்ட்டுகள் தெரியும். தலையின் ஆறு விளிம்பும் கூராக இருக்கின்றனவா, மழுங்கிவிட்டனவா? நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் மரை மரையாகத் தெரிகிறதா, பழுப்புக் கட்டியாகிவிட்டதா? தலை மழுங்கியிருந்தால், ஏற்கெனவே யாரோ கழற்றிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சென்னையில் திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகக் குடியிருப்பவர்களுக்கு இதில் புதுமை இல்லை. கேட்டின் கீல், ஏ.சி. ஸ்டாண்டு, சைக்கிள் செயின் என்று உப்புக்காற்று எதையும் விடுவதில்லை. காரின் மேற்பக்கத்துக்காவது பெயிண்ட் உண்டு. உப்புக்காற்று போதாதென்று, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீருக்குள் நின்ற கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. மரைக்குள் போன சேற்றை எந்த வாட்டர் சர்வீஸும் எடுப்பதில்லை.

*

ஒரு போல்ட்டை இரண்டு விஷயங்கள் பிடித்துவைத்திருக்கின்றன. ஒன்று, இறுக்கியவர் கொடுத்த விசை. தலையில் 10.9 என்று வலிமைத் தரம் பொறித்த 12 மி.மீ. போல்ட்டை முறையாக இறுக்கினால், அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல நீண்டு, ஐந்து டன்னுக்கும் மேலான இழுவிசையோடு இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. பார்த்தால் கட்டை, உண்மையில் அது விறைத்து நிற்கும் ஸ்பிரிங்.

மற்றது, பிறகு வந்து சேர்ந்தது. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தால்தான் நட்டு சுற்றும். அந்த இடைவெளியில் உப்பு ஈரம் ஏறுகிறது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை. விரிய இடமில்லாத இடத்தில் அது விரிகிறது.

அதனால் கழற்றுவது, இறுக்கியதைத் திருப்பிச் செய்யும் வேலை அல்ல. இறுக்கிய கைக்கு அங்கே பாதிப் பங்குதான். மீதிப் பிடி, யாரும் போடாமல் தானாக விழுந்தது. இதை யோசிக்காதவர்தான் வந்தவுடன் நீளமான பைப்பைத் தேடுகிறார்.

*

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு மதம். பட்டறையில் மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில் என்று கைக்குக் கிடைப்பதை ஊற்றுவார்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றும் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்தால் அதற்கு ஈடில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு அந்த நீலமும் மஞ்சளுமான டப்பா, டபிள்யூ.டி.40. அது அமெரிக்காவின் சான் டியேகோவில் 1953-ல் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனத்தில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருப்பிடிக்காமல் காக்கப் பயன்பட்டது. நாற்பதாவது கலவையில் சரிவந்ததால் பெயரில் அந்த எண். அடிப்படையில் அது ஈரத்தை வெளியேற்றுவதற்கான திரவம். துருவுக்குள் இறங்குவதற்கென்றே செய்த எண்ணெய்கள் தனியாக விற்கின்றன, அவை கொஞ்சம் மேல்.

எதுவானாலும் முதலில் வயர் பிரஷ். வெளியே நீண்டிருக்கும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் நட்டைத் திருப்பினால், அந்தத் துருக்கட்டி முழுவதையும் நட்டு தன் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். அரைச்சுற்று சுகமாக வந்துவிட்டு, முன்பைவிட மோசமாக இறுகும். தேய்த்த பிறகு எண்ணெய். சாயங்காலம் விட்டுவிட்டு, போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. காலையில் மறுபடி எண்ணெய், மறுபடி தட்டு. அதிர்ச்சியில் துரு நுணுக்கமாக விரிசல் விடும், எண்ணெய் அந்த விரிசலைப் பிடித்துக்கொண்டு போகும்.

இந்த இடைவேளையைப் பொறுமை என்று யாராவது சிலாகித்தால் எனக்குச் சிரிப்பு வரும். மெல்லிய இடுக்கு வழியே எண்ணெய் ஏற நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். உலை கொதிக்கும்வரை அடுப்படியில் நிற்பவரை யாரும் பொறுமைசாலி என்பதில்லை.

*

இனி கையின் வேலை.

பாக்ஸ் ஸ்பேனர் ஆறுமுனை உள்ளதாக இருக்க வேண்டும். பன்னிரண்டுமுனை ஸ்பேனர் விளிம்பின் ஓரத்தில்தான் பிடிக்கும், பழைய தலையை வழித்துவிடும். ஸ்பேனர் சரியாக உட்கார்ந்த பிறகு சீராக விசையைக் கூட்டுகிறோம். ஒரு கட்டத்தில் கை நகர்கிறது. இங்கேதான் நிற்க வேண்டும். நகர்ந்தது எது?

இரண்டு இருக்கலாம். நட்டு கழன்றிருக்கலாம், போல்ட்டின் உடம்பு முறுகியிருக்கலாம். கைக்கு முதலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், இரண்டிலும் ஒரு சந்தோஷம் வரும். கழன்றால் பெரும்பாலும் சத்தம் கேட்கும், காய்ந்த குச்சி ஒடிகிறாற்போல ஒரு ‘டக்’. அதற்குப் பிறகு பாரம் குறையும். முறுகும்போது சத்தமே இருக்காது. வழவழவென்று, இளகிக் கொடுப்பதுபோல வரும். கையைத் தளர்த்தினால் ஸ்பேனர் கொஞ்சம் பின்னால் போகும். முன்னால் போன அளவுக்கு அது திரும்பி வராவிட்டால் போல்ட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது; இன்னும் கால் சுற்றில் தலை தனியே வந்துவிடும்.

நான் அடிக்கடி போய் உட்காரும் பட்டறையில் மேஸ்திரி ஒரு சாக்பீஸ் வைத்திருக்கிறார். போல்ட்டின் நுனியிலும் நட்டின் முகத்திலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிடுவார். நட்டைத் திருப்பும்போது கோடு இரண்டாக உடைந்தால் நட்டு கழல்கிறது. நட்டோடு நுனியும் சேர்ந்து திரும்பினால் உள்ளே முறுகல். ஒரு நாள் வண்டிக்கடியில் படுத்திருந்த பையனிடம் இங்கிருந்தே கேட்டார்.

“சத்தம் வந்துச்சாடா?”

“இல்லண்ணே. ஆனா திரும்புது.”

“கோடு?”

“கோடு அப்படியேதாண்ணே இருக்கு.”

“அப்ப கைய எடுத்துட்டு வெளிய வா.”

முறுகுகிறது என்று தெரிந்தால் திசையை மாற்ற வேண்டும். இறுக்கும் பக்கமாக ஒரு துளி, பிறகு கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம். நடுநடுவே எண்ணெய். எவ்வளவு முன்னால் வந்ததோ அதில் பாதி பின்னால் போக வேண்டும். துருப்பொடி விழுந்து இடம் கிடைக்கும். ஏர் கன் நன்றாக வேலை செய்வதற்கும் காரணம் இதுவே. அது சின்னச் சின்ன அடிகளாகக் கொடுக்கிறது. துரு அடிக்கு உடையும். நாலடி பைப் கொடுக்கும் நிதானமான இழுப்பில் துரு உடைவதற்கு முன் போல்ட் முறுகிவிடும்.

*

எண்ணெய்க்கு மசியாததைத் தீயிடம் கொடுக்கிறார்கள். சூடேற்ற வேண்டியது நட்டை, போல்ட்டை அல்ல. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 12 மி.மீ. துவாரம் 300 டிகிரி ஏறினால் 0.04 மி.மீ. பெரிதாகிறது. கேட்க அற்பமாக இருக்கிறது. மரைக்குள் அது தாராளம். சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையோரம் தொட்டால் மெழுகு உருகி உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். இதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

ஆனால் சஸ்பென்ஷனில் தீயைக் காட்ட முடிந்த இடங்கள் குறைவு. புஷ் ரப்பர், பால் ஜாயின்ட்டுக்குள் கிரீஸ். ஸ்ட்ரட்டுக்குள் ஆயில், பல வண்டிகளில் அழுத்தமேற்றிய நைட்ரஜனும் சேர்ந்து. அதன் உடம்பில் தீ படவே கூடாது. ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் நடு நட்டு வேறு ஆபத்து: ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு ஒடுக்காமல் அதைத் திருப்பினால் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். அது துருப்பிடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும்.

*

எல்லாவற்றிலும் பிடிவாதமானது, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் வழியே போகும் நீண்ட போல்ட். புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழல், குழலைச் சுற்றி ஒட்டிய ரப்பர். துரு போல்ட்டையும் குழலையும் ஒன்றாக்கிவிடும். நட்டு எளிதாக வந்துவிடும், போல்ட் தலையும் திரும்பும். ஆனால் குழலும் கூடவே திரும்பி, ரப்பர் முறுகி, விட்டவுடன் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சுத்தியல் அடியையும் ரப்பர் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் போக வழி நீளம். இங்கே புத்திசாலித்தனம் எதுவும் மிச்சமில்லை. ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் அறுத்துவிட்டு, புது போல்ட், புது புஷ் வாங்க வேண்டியதுதான். சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கும் ஆர்மில் சில சமயம் அறுபட்ட பாதி போல்ட் உள்ளேயே இருக்கும். அங்கேயும் ஒருவர் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்.

பால் ஜாயின்ட் தண்டைப் பிடித்திருக்கும் குறுக்கு போல்ட்டில் வேறு நுணுக்கம். தண்டில் வெட்டிய பள்ளத்தின் வழியே அது போவதால், தளர்த்தினால் போதாது, முழுக்க வெளியே வர வேண்டும். நட்டைக் கழற்றிவிட்டு நுனியில் அடித்தால் நுனி பூவாக விரிந்து, பிறகு துவாரத்துக்குள் போகவே போகாது. நட்டை மறுபடி நுனி மட்டத்துக்குத் திருகி, அதன் மேல் அடிக்க வேண்டும்.

*

எல்லாப் பிடிப்பும் துருவால் அல்ல. 12 மி.மீ. போல்ட் 1.25, 1.5, 1.75 என்று மூன்று மரை இடைவெளிகளில் கிடைக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். தவறானது கையால் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு நிற்கும். அவசரக்காரர் அங்கே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார். 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரிக் கோணத்தில் ஒரு பொது மரை அளவை முன்வைக்கும்வரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். இன்றைய மெட்ரிக் மரையும் 60 தான். பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து கிடக்கும் பழைய போல்ட்டுகளுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. மரை அளக்கும் கேஜ் அதிக விலையில்லை. வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

*

திரும்பப் பூட்டுவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கழன்றதும் உற்சாகம் தீர்ந்துவிடுகிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணியிருக்க வேண்டும், அதே எண்ணிக்கையில் ஏற்ற வேண்டும். சில வண்டிகளில் ஒரு பக்கம் இடது மரை என்பதும் நினைவிருக்க வேண்டும். அப்படியும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். நைலான் வளையம் உள்ள நட்டு ஒரு முறைக்குத்தான்.

மரையில் காப்பர் பேஸ்ட் தடவுவது நல்லது என்பார்கள். கணக்குத் தெரிந்தால் நல்லது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வில் போகிறது, பத்தில் ஒன்றுதான் போல்ட்டை நீட்டுகிறது. பேஸ்ட் போட்டு உராய்வைக் குறைத்துவிட்டு, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அதே டார்க்கைக் கொடுத்தால் போல்ட் தேவைக்கு மேல் நீளும்.

கடைசியாகப் புஷ் போல்ட். சக்கரம் தொங்கும்போது அதை இறுக்கக் கூடாது. வண்டி ஜாக்கியில் இருக்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் குழலைப் பூட்டிவிட்டால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுகி, எப்போதும் முறுகியபடியே ஓடிக் கிழியும். வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. பள்ளமோ லிஃப்டோ இல்லாத பட்டறையில் சக்கரங்களுக்கடியில் கனமான மரக்கட்டைகளை வைத்து இறக்கி, ஒருவர் மல்லாந்து உள்ளே போக வேண்டும். அலுப்பான வேலை, அதனால் அடிக்கடி விட்டுப்போகும். வண்டியை எடுக்கப் போகும்போது “இறக்கிவைத்துத்தானே இறுக்கினீங்க?” என்று கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால், இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.