பிள்ளைகள் உள்ள முதியோருக்கு நகரம் ஏன் உதவ வேண்டும்?

முதியோருக்கு நகரங்களில் கிடைக்கும் பொது உதவிகள் பலவகை. மாத உதவித்தொகை, கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், வீடு தேடி வரும் மருத்துவம், பகல்நேரப் பராமரிப்பு மையம், வீடற்றோர் காப்பகம் ஆகியவை அவற்றில் சில. இவை அனைத்தையும் பற்றி ஓர் அறக்கேள்வி எழுகிறது. பெற்று வளர்த்த பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோரைப் பேணும் பொறுப்பைப் பொதுப்பணம் ஏன் ஏற்க வேண்டும்? யாருமற்றவர்களுக்கு மட்டும் நகரம் உதவினால் போதாதா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 விழுக்காடு. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு 2021-இல் இதை 13.6 என்றும், 2031-இல் 18.2 என்றும் மதிப்பிட்டது. அந்தக் கணிப்பின்படி இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது, ஆயுள் நீண்டது, பிள்ளைகள் வேலை தேடி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். முன்பு நான்கைந்து பேர் பகிர்ந்துகொண்ட பொறுப்பு இன்று ஒருவர், இருவர் தலையில் இறங்குகிறது.

குடும்பமே பொறுப்பு என்போரின் வாதம் வலுவானது. பெற்றோருக்குப் பிள்ளை பட்ட கடனை வேறொருவர் அடைக்க முடியாது. அம்மாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, அப்பா எந்த நேரத்தில் காபி கேட்பார் என்பதெல்லாம் வீட்டாருக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியாது. சட்டமும் இந்தப் பக்கம் நிற்கிறது. இந்தியாவின் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்கீழ், தம்மைப் பேணிக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தச் சொத்து மாற்றத்தையே ரத்து செய்ய அதில் வழி உண்டு. சிங்கப்பூர் இத்தகைய சட்டத்தை 1995-இலேயே இயற்றிவிட்டது.

இந்த வாதத்தின் பின்னால் ஓர் அச்சமும் இருக்கிறது. நகரம் முன்வந்தால் பிள்ளைகள் பின்வாங்கிவிடுவார்கள், பாசத்தின் இடத்தை அரசாணை பிடித்துக்கொள்ளும் என்பதே அது. இந்த அச்சத்தை ஆய்வு முழுமையாக ஆதரிக்கவில்லை. நார்வே, இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின், இஸ்ரேல் ஆகிய 5 நாடுகளை ஒப்பிட்ட ‘ஒயாசிஸ்’ ஆய்வு, பொதுச்சேவைகள் விரிந்த இடங்களில் குடும்ப உதவி கரைந்துவிடவில்லை என்று கண்டது. இரண்டும் சேரும்போது முதியோருக்குக் கிடைக்கும் மொத்த ஆதரவு கூடுகிறது. குளிப்பாட்டவும் தூக்கி உட்காரவைக்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் வந்துபோனால், மகளுக்குத் தாயோடு பேசிக்கொண்டிருக்க நேரம் மிஞ்சும்.

குடும்பம் எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் அதன் கைக்கு எட்டாத தேவைகளும் பல. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டி, நகர வாழ்வை 8 துறைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. வெளியிடங்களும் கட்டடங்களும், போக்குவரத்து, வீட்டுவசதி, சமூகப் பங்கேற்பு, மதிப்பும் அரவணைப்பும், குடிமைப் பங்கேற்பும் வேலைவாய்ப்பும், தகவல் தொடர்பு, சமூக ஆதரவும் மருத்துவமும் ஆகியவை அவை. இவற்றில் பெரும்பாலானவற்றை எந்த மகனாலும் செய்து தர இயலாது. உடைந்த நடைபாதையை அவன் சீராக்க முடியாது. பேருந்தின் படியைத் தாழ்த்த முடியாது. கடைத்தெருவில் கழிப்பறை கட்ட முடியாது. கழிப்பறை இல்லை என்பதற்காகவே வெளியே கிளம்பத் தயங்கும் மூதாட்டிக்கு நான்கு பிள்ளைகள் இருந்தும் அந்தக் குறை தீராது.

‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லும்போது குடும்பத்தில் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது மனைவி, மகள் அல்லது மருமகள். கடமை மகனுடையதென்று ஊர் பேசும். படுக்கைவிரிப்பை மாற்றுபவள் மருமகள். ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியதற்குப் பெண்கள்மேல் விழுந்த இந்தச் சுமையும் ஒரு முக்கியக் காரணம். அங்கே காப்பீட்டை நடத்துவது நகராட்சிகளும் ஊராட்சிகளுமே. 40 வயது முதல் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். செலவில் ஏறத்தாழப் பாதியை வரிப்பணம் ஏற்கிறது. 65 வயதைக் கடந்தவருக்கு எவ்வளவு உதவி என்பதை அவருடைய உடல், மன நிலையே தீர்மானிக்கிறது. வீட்டில் மருமகள் இருக்கிறாள் என்பதற்காக உதவி குறைவதில்லை.

யாருமற்றவருக்கு மட்டுமே உதவி என்ற நிபந்தனை, உதவி கேட்பவரின் மானத்தையும் தொடுகிறது. அப்படியொரு விதி இருந்தால், முதியவர் உதவி பெறுவதற்கு முதலில் தன் பிள்ளை கைவிட்டான் என்று அந்நியர்முன் சொல்லியாக வேண்டும். பட்டினி கிடந்தாலும் பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்காத தாய்மார்கள் உண்டு. அவர்களை இந்த விதி தண்டிக்கும். மகன் கைவிடாமலும் இருக்கலாம். தினக்கூலியில் தன் பிள்ளைகளுக்கே சோறு போடத் திணறுபவனாக இருக்கலாம். காகிதத்தில் ஆதரவு உள்ளவராகத் தெரியும் முதியவர் வீட்டில் ஆதரவின்றிக் கிடப்பார்.

இதற்கு எதிரே நிற்கும் நியாயமான தடை பணம். அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு முதுமையில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசும்போதே, அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற வரம்பையும் வைக்கிறது. இருப்பதைப் பகிரும்போது வறியவருக்கு முதலிடம் தருவதே அறம். ஆகவே ரொக்கத்தையும் சேவையையும் வேறுபடுத்திப் பார்ப்பது பொருத்தம். தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது; இது வறுமையை அளந்து தரவேண்டிய உதவி. சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது நிரம்பியோருக்கு மாதம் 10 பயணத்துக்கு வழங்கப்படும் கட்டணமில்லா டோக்கனும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின்கீழ் வீட்டுக்கே வரும் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளும் வேறு வகை. முதுமையும் நோயும் உண்டாக்கும் தேவைக்கு அவை பதில் சொல்கின்றன. அங்கே மகனின் சம்பளத்தை விசாரிப்பதில் பொருளில்லை.

சேவை இருப்பது மட்டும் போதாது. அது முதியவரின் கைக்கு எட்ட வேண்டும். தேய்ந்துபோன விரல் ரேகையைக் கருவி ஏற்காததால் ரேஷன் கடையில் அல்லாடுவதும், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடுவதும் உரிமையைச் சலுகையாகச் சுருக்கிவிடுகின்றன. முடிவெடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்க வேண்டும். பகல்நேர மையம் நல்லது என்பதற்காக யாரையும் அங்கே கொண்டுபோய் விடக்கூடாது. தன் வீட்டில், தனக்குப் பழகிய தெருவில் முதுமையைக் கழிக்க விரும்புபவருக்கு அங்கேயே உதவி சென்று சேர வேண்டும்.

இவ்வாறு எடைபோட்டுப் பார்த்தால் இரு கடமைகளும் ஒன்றையொன்று நீக்குவதில்லை. அன்பும் அருகிருப்பும் பிள்ளைகளின் கடன்; அதை நகரம் அடைக்க முடியாது. நடக்க இடமும், போக்குவரத்தும், மருத்துவமும், பயிற்சி பெற்ற பராமரிப்பும் நகரத்தின் கடன். பிள்ளைகள் இருப்பதைக் காட்டி நகரம் அதிலிருந்து விலக முடியாது. வாழ்நாளெல்லாம் உழைத்தும் வரி கட்டியும் அந்த நகரத்தை உருவாக்கியவர்களில் அந்த முதியவரும் ஒருவர். பெற்றோரைப் பார்க்கிறாயா என்ற கேள்வியைத் தீர்ப்பாயம் பிள்ளையிடம் கேட்கட்டும். உதவி கேட்டு வரிசையில் நிற்கும் முதியவரிடம் நகரம் கேட்க வேண்டியது, என்ன தேவை என்பது மட்டுமே.