மனநிறைவும் தொழில்மாற்றமும்

ஒரே தொழிலில் நிலைத்து நிற்பவனைப் பொறுப்புள்ளவன் என்றும், அடிக்கடி தொழில் மாறுபவனை நிலையற்றவன் என்றும் கூறுவது உலக வழக்கு. இருப்பது போதும் என்ற மனநிறைவு அறப்பண்பாகப் போற்றப்படுவதே இதற்குக் காரணம் எனலாம். ஆயின், இளந்தொழிலாளர் பற்றிய இத்தீர்ப்பு நீதியானதுதானா? திருகோணமலைத் துறைமுகச் சூழலை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது பயனுடைத்து.

பிரித்தானியக் கடற்படைத் தளமும் அதன் கப்பற் பட்டறையும் இந்நகரின் பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தன. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பின்னரும் தளம் இயங்கியது. ஆயின் 1957 இல் அது இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டுப் பிரித்தானியர் நீங்கியபோது, அதனை நம்பியிருந்தோர் பலரின் பிழைப்பு ஆட்டங்கண்டது. அவர்கள் தொழிலை விட்டு நீங்கவில்லை. தொழிலே அவர்களை விட்டு நீங்கிற்று. நிலைத்து நிற்றல் தொழிலாளியின் கடமையெனில், அவனை நிலைக்கவைத்தல் எவருடைய கடமை என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

1980களில் சீனன்குடாப் பகுதியின் கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் புதிய தலைமுறைக்கு வேலை கொடுத்தன. இத்தகைய ஆலையொன்றில் நான்கு ஆண்டு பணியாற்றிய ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். இயந்திரம் கற்பிக்கக்கூடியதையெல்லாம் அவன் கற்றுவிட்டான். கொழும்பிலோ வளைகுடா நாடொன்றிலோ வேறு தொழில் அழைக்கிறது. இங்கு நம் சட்டங்கள் இரு வேறு குரலிற் பேசுகின்றன. 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியில் அவன் செலுத்தும் எட்டு வீதமும் தொழில்தருநர் செலுத்தும் பன்னிரண்டு வீதமும், அவன் எங்கு சென்றாலும் அவனுடையனவே. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ ஐந்து ஆண்டு சேவையை நிபந்தனையாக்குகிறது. முன்னது மனிதனைப் பின்தொடர்கிறது. பின்னது அவனை ஓரிடத்தில் இருத்த விரும்புகிறது.

அவன் தங்கிவிட்டால் அது மனநிறைவா? போகும் வழியில்லாதவன் தங்குவதை மனநிறைவு என்பது சொல்லை இழிவுபடுத்துவதாகும். பொருளியலறிஞர் அல்பேட் ஹேர்ஷ்மன் 1970 இல் வெளியிட்ட நூலில், நிறுவனம் சீர்கெடும்போது அதனை விட்டு வெளியேறலாம், அல்லது உள்ளிருந்து குரலெழுப்பலாம் என இரு வழிகளைக் காட்டினார். வெளியேற முடிந்தவனின் குரலுக்கே செவிசாய்ப்போர் மிகுதி. ஆதலால் தொழில் மாறும் உரிமை, மாறாதிருப்போனுக்கும் காவலாகிறது. நீங்கவும் முடிந்து, ஆராய்ந்து தங்குபவனின் நிறைவே அறமாகும்.

அவ்வாறாயின் எல்லா மாற்றமும் நன்றோ? அன்று. 1983 முதல் 2009 வரை போர் துரத்த ஊரைவிட்டு ஓடியவர்களின் பெயர்வைத் தொழில் முன்னேற்றம் என எவரும் கூறார். தங்கையின் சீதனத்துக்காகவோ தந்தையின் கடனுக்காகவோ கடல் கடப்பவனின் தெரிவும் முழுச் சுதந்திரமானதன்று. எனினும் அது இகழத்தக்கதுமன்று. அயலவனின் புதிய வீட்டைக் கண்டு எழும் ஏக்கம் மட்டுமே காரணமாயின், அந்த ஏக்கம் அடுத்த தொழிலிலும் உடன்வரும். கூலியோடு, தன் திறன் வளருமா, தன் உழைப்பு எவருக்குப் பயன்படும் என்பவற்றையும் கேட்டு மாறுபவனே தன்னையறிந்து மாறுகிறான்.

நீங்குபவனுக்கும் ஒரு கடன் உண்டு. ஆயுள் முழுதும் தங்குதல் அக்கடனன்று; தான் கற்றதை அடுத்து வருபவனுக்குக் கற்பித்துச் செல்லுதலே அது. அவ்வாறே, இளைஞரிடம் பற்றுறுதியை எதிர்பார்க்கும் நிறுவனமும் அவர்கள் வளர இடமளித்தல் வேண்டும். வளரவும் விடாமல், போகவும் விடாமல், மனநிறைவை மட்டும் உபதேசிப்பது அறமாகாது.