கை நீட்டுமுன் கேட்க வேண்டியது

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடல் தாண்டி எங்கள் மண்டைதீவுக்கு ஒரு மருத்துவ ஆய்வுக்குழு வந்தால் சனம் கதிரை போட்டு இருத்தும். இரத்தம் கேட்டால் கையை நீட்டும். படித்தவர்கள் கெடுதல் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைக்கு ஈடாக ஊருக்கு என்ன வந்து சேர வேண்டும்?

1956இன் சென்னையை நினைத்துப் பார்க்கிறேன். சயரோகம் என்ற காசநோய் கண்டவர்கள் பெருகி, படுக்கைகள் போதாமல் தவித்த நகரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு நிலையம் தொடங்கின. வறிய நோயாளர் 193 பேரை ஆய்வில் சேர்த்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தன. வீட்டில் நெருக்கடியும் அரைவயிறும். ஆனாலும் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்றது 1959இல் வெளிவந்த முடிவு. கூட வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சயரோகம் வந்த தாயைப் பிள்ளைகளிடமிருந்து மாதக்கணக்கில் பிரிக்கத் தேவையில்லை என்பதை உலகம் அந்த ஏழைகளின் உடலால் அறிந்தது.

வீட்டிலேயே குணமாக்க முடியுமா என்ற கேள்வி அந்த நகரத்தின் தவிப்பிலிருந்தே பிறந்தது. நிலையமும் அங்கேயே தங்கி, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்றும் இயங்குகிறது. கேள்வி ஊரிலிருந்து பிறக்க வேண்டும், பயன் ஊரிலேயே தங்க வேண்டும்: வெளியாரோடு செய்யும் கூட்டு ஆய்வுக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்.

எங்களுக்கும் சொந்தக் கேள்விகள் உண்டு. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று நம்பியிருந்த வேளையில், அது உவர்நீரிலும் பெருகுவதை ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நோபிள் சுரேந்திரனும் சகாக்களும் 2011இல் காட்டினார்கள். பிறகு யாழ் நகரின் உவர்க்கிணறுகளிலும் கண்டார்கள். தீவகத்துக்கு இதைவிட நெருங்கிய ஆய்வு ஏது? அது ஆங்கிலச் சஞ்சிகையோடு நின்றுவிடாமல், கிணற்றைக் கவனிக்கச் சொல்லும் செய்தியாக ஒவ்வொரு வளவுக்கும் வந்தாக வேண்டும்.

ஆகவே, சம்மதப் படிவத்தோடு யாரும் வந்தால் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: முடிவை எங்கள் வாசிகசாலைக்கு வந்து தமிழில் சொல்வீர்களா? மருந்து பலித்தால் எங்கள் கிளினிக்கில் கிடைக்குமா? பதில் திருப்தி தராவிட்டால் மறுக்கலாம். மறுத்ததற்காக உங்களுக்குரிய வைத்தியத்தை யாரும் குறைக்க முடியாது.